உங்களுக்குத் தெரியுமா? ராட்சச டேங்குக்குத் துணியால் ஒட்டு!

இரும்பைத் தின்று ஏப்பம் விடுவது துரு. அந்தத் துருவுக்கே தண்ணி காட்டுகின்றன ஒரு துண்டுத் துணியும் ஒரு டப்பா பசையும்! நம்ப முடியவில்லையா? வாங்க, ஒவ்வொன்றாய்ப் பார்க்கலாம்!

துரு தின்னும் தீனி

துருவுக்காக உலகம் வருஷா வருஷம் அழும் தண்டம் எவ்வளவு தெரியுமா? 'நேஸ்' என்ற அரிமானப் பொறியாளர் அமைப்பு 2016-இல் கணக்குப் போட்டுச் சொன்னது: 2.5 லட்சம் கோடி டாலர்! உலகத்தின் மொத்த உற்பத்தி மதிப்பில் 3.4 சதவீதம்!

பாரிஸ் ஈஃபில் கோபுரத்துக்குச் சுமார் 7 வருஷத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடிக்கிறார்கள். அழகுக்கா? துருவுக்குப் பயந்துதான்! ஒரு தடவைக்கு ஆகும் பெயின்ட் 60 டன்!

ஆறு மாடி உயரத்துக்கு நிற்கும் எண்ணெய் டேங்கின் அடித்தகடு எவ்வளவு தடிமன் இருக்கும்? ஒரு அடி? அரை அடி? பெரும்பாலும் வெறும் 6 மி.மீ.தான்! உங்கள் பிள்ளையின் பென்சில்கூட அதைவிடத் தடிமன்!

10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் டேங்க். அடியில் 1 மி.மீ. பொத்தல், குண்டூசி குத்திய அளவுதான். ஒரு நாளைக்கு எவ்வளவு ஒழுகும்? ஒரு குடமா, இரண்டு குடமா? நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 500 லிட்டருக்கு மேல்!

எண்ணெய் டேங்கை அரிப்பது எண்ணெய் இல்லை! எண்ணெய்க்கு அடியில் பதுங்கியிருக்கும் கொஞ்சூண்டு தண்ணீர்தான் வில்லன். மேலே கோடிக்கணக்கான ரூபாய் சரக்கு, கீழே ஒரு சாண் தண்ணீர், அதற்கும் கீழே அரிபடும் தகடு!

அந்தத் தண்ணீருக்குள் ஒரு கிருமிக் கூட்டமே குடித்தனம் நடத்துகிறது. காற்றே இல்லாத இடத்தில் சல்பேட்டை வைத்து மூச்சுவிடும் பாக்டீரியா! அது வெளியேற்றும் வாயுவுக்கு அழுகிய முட்டை நாற்றம். அந்த வாயு இரும்பையும் அரிக்கும்!

விமான எரிபொருளையே சாப்பாடாக்கிக்கொள்ளும் பூஞ்சை இருக்கிறது தெரியுமா? பெயரே 'கெரசின் பூஞ்சை'! டேங்குக்குள் பாசி மாதிரி படர்ந்து, அமிலம் கக்கி, உலோகத்தில் குழி பறிக்கும்!

கடலுக்கடியில் 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் டைட்டானிக் கப்பலின் துருவில் ஒரு புது பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். 2010-இல் அதற்கு வைத்த பெயர் 'ஹாலோமோனாஸ் டைட்டானிக்கே'. கப்பலின் பெயரையே கிருமிக்கு வைத்துவிட்டார்கள்!

98 சதவீத கந்தக அமிலத்தை எதில் சேமிப்பார்கள்? சாதாரண இரும்பு டேங்கில்! கெட்டி அமிலம் இரும்பின்மேல் ஒரு சல்பேட் படலத்தைப் படியவிடும். அந்தப் படலமே கவசம்! அதே அமிலத்தில் தண்ணீர் கலந்து நீர்த்துப்போகட்டும், இரும்பைக் கடித்துக் குதறிவிடும்!

இன்னும் கேளுங்கள். எஃப்.ஆர்.பி. எனப்படும் ஃபைபர் பிளாஸ்டிக்குக்கு இது அப்படியே தலைகீழ்! நீர்த்த கந்தக அமிலத்தை அது அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். கெட்டி அமிலத்திடம் கருகிப்போகும்!

அந்த அமிலத்தைக் குழாயில் அனுப்பும்போது நிதானம் தேவை. வினாடிக்குச் சுமார் 1 மீட்டருக்கு மேல் வேகம் போனால் கவசப் படலம் வழித்தெடுத்ததுபோல் போய்விடும். நாம் நடக்கும் வேகம்கூட அதைவிட அதிகம்!

குளிருக்குப் போர்த்திய கம்பளியே ஆளைக் கொன்றால் எப்படி? டேங்கின் சூடு போகாமலிருக்க மேலே இன்சுலேஷன் போர்த்துகிறார்கள். அதற்குள் மழைத்தண்ணீர் புகுந்துவிட்டால் தகடு ரகசியமாய் அரிபடும். வெளியே பளபள, உள்ளே சல்லடை!

கப்பலின் செப்புத் தகடு அரிபடுவதைத் தடுக்க 1824-இல் ஹம்ஃப்ரி டேவி ஒரு தந்திரம் செய்தார். செம்பின்மேல் இரும்புத் துண்டுகளைப் பதித்தார். இரும்பு கரைந்தது, செம்பு பிழைத்தது! ஆனால் நச்சு கசியாத செம்பில் கடல் சிப்பிகள் குஷியாய்க் குடியேற, கப்பல் ஆமை வேகத்துக்கு வந்துவிட்டது!

அதே தந்திரம் உங்கள் வீட்டுக் குளியலறையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது! டேங்க் வைத்த கீசருக்குள் ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும். டேங்குக்காகத் தன்னைத்தானே கரைத்துக்கொள்வதே அதன் ஒரே வேலை!

துருவை ஆராயும் ஊர் எது தெரியுமா? காரைக்குடி! அங்கே மின்வேதியியல் ஆய்வகம் அமைக்க வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்தது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். 1948-இல் அடிக்கல், 1953-இல் திறப்பு. உப்புக்காற்றில் உலோகம் எப்படி அரிபடுகிறது என்று பார்க்கவே மண்டபம் கடற்கரையில் தனி நிலையம்!

பொத்தலால் வந்த வினை

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வெல்லப்பாகு டேங்க் ஒன்று ஒழுகிக்கொண்டே இருந்தது. அடைத்தார்களா? இல்லை! ஒழுகுவது தெரியாமலிருக்கப் பழுப்பு பெயின்ட் அடித்தார்கள்! 1919 ஜனவரி 15 அன்று டேங்க் பிளந்தது. 87 லட்சம் லிட்டர் பாகு அலையாய்த் தெருவில் பாய்ந்தது. இறந்தவர்கள் 21 பேர்!

2014 ஜனவரி 9. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா. குழாயைத் திறந்தால் அதிமதுர வாசனை! ஆற்றங்கரையில் நிலக்கரி கழுவும் ரசாயனம் வைத்திருந்த டேங்கின் அடியில் துரு பறித்த குழிகள் பொத்தலாகிவிட்டன. இரண்டே இரண்டு சின்னப் பொத்தல்! தண்ணீரைத் தொடாதே என்று உத்தரவு வந்தது 3 லட்சம் பேருக்கு!

மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயும் பெட்ரோல் போகும் இரும்புக் குழாயும் பூமிக்கடியில் உரசிக்கொண்டு கிடந்தன. இரண்டு உலோகமும் ஈரமண்ணும் சேர்ந்தால் அது ஒரு பேட்டரி! இரும்பில் ஓட்டை விழுந்து, பெட்ரோல் சாக்கடைக்குள் போய், 1992 ஏப்ரல் 22 அன்று வெடித்தது. நாசமான தெருக்களின் நீளம் 8 கிலோமீட்டர்! இறந்தவர்கள் 200-க்கும் மேல்!

அமெரிக்காவின் டெலாவேர் சிட்டி, 2001 ஜூலை 17. சுத்திகரிப்பு ஆலையின் பழைய அமில டேங்குக்கு மேலே நடைபாதையைப் பழுதுபார்க்க வெல்டிங் நடந்துகொண்டிருந்தது. டேங்கிலோ துரு பறித்த ஓட்டைகள். ஓட்டை வழியே ஆவி கசிந்தது. ஒரு பொறி... அவ்வளவுதான்! ஒருவர் உயிர் போனது, 8 பேர் காயம், கொட்டிய அமிலம் 41 லட்சம் லிட்டர்!

டேங்க் வெடிப்பதற்குத்தானே பயப்படுகிறீர்கள்? அது நசுங்கவும் செய்யும்! பெயின்ட் படக்கூடாதென்று மூச்சுக்குழாயில் பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டு, அவிழ்க்க மறந்து பம்ப்பை ஓட்டினால் போச்சு. காலி டின்போல் சப்பளிந்துவிடும். வழக்கமான டேங்க் தாங்கும் உள்ளிழுப்பு வெறும் 25 மி.மீ. தண்ணீர் உயரம். ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சும் குழந்தை அதைப்போல் நாலு மடங்கு இழுக்கும்!

கண்ணாடியில் நெய்த சேலை

சரி, வெல்டிங் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். பிறகு எதை வைத்து அடைப்பது? கண்ணாடியை வைத்து! கண்ணாடி நூல், அதை நனைக்க ரெசின். இந்த ஜோடிக்குப் பெயர்தான் காம்போசிட். துணியும் பசையும், அவ்வளவே!

கண்ணாடியில் உடை நெய்து உடுத்திய நடிகை ஒருவர் உண்டு! ஜார்ஜியா கேவன் என்று பெயர். அந்தக் கண்ணாடி உடை 1893 சிகாகோ உலகக் கண்காட்சியின் அதிசயம்!

கண்ணாடி நார் தயாரிக்கும் எளிய வழி கிடைத்ததே கை தவறித்தான்! 1932-இல் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் இரண்டு கண்ணாடிக் கட்டிகளை ஒட்டவைக்கப் பார்த்தார். உருகிய கண்ணாடியில் காற்று பீய்ச்சியடிக்க, பஞ்சு பஞ்சாய்ப் பறந்தது நார். ஒட்ட வந்தது ஒட்டவில்லை, ஒரு தொழிலே பிறந்துவிட்டது!

கண்ணாடி என்றாலே உடையும் என்பீர்கள். முடியைவிட நாலைந்து மடங்கு மெல்லிய நூலாக அதை இழுத்துப் பாருங்கள். புத்தம் புது நூலின் இழுவிசை வலிமை, கட்டடம் கட்டும் சாதாரண இரும்பைப்போல் சுமார் 8 மடங்கு!

எடை? தண்ணீரைவிட இரும்பு கிட்டத்தட்ட 8 மடங்கு கனம். ஃபைபர் பிளாஸ்டிக் 2 மடங்குகூட இல்லை! இரும்புத் தகட்டைத் தூக்க கிரேன் வேண்டும். இந்தத் துணிச் சுருளை ஒருவர் தோளில் போட்டுக்கொண்டே ஏணி ஏறிவிடலாம்!

பிரிட்டிஷ் கடற்படையின் 'வில்டன்', கண்ணாடி நார் பிளாஸ்டிக்கால் கட்டப்பட்ட உலகின் முதல் போர்க்கப்பல். சேவைக்கு வந்தது 1973. காந்தம் தேடும் கடல் கண்ணிவெடிகளுக்கு நடுவே போக வேண்டிய கப்பல், அதனால்தான் பிளாஸ்டிக் உடம்பு! நீளம் 46 மீட்டர்!

அதற்கு 20 வருஷம் முன்பே, 1953-இல், கண்ணாடி நார் உடம்போடு வெளிவந்தது செவர்லே கார்வெட் கார். முதல் வருஷம் செய்தது 300 கார் மட்டும்!

அவ்வளவு தூரம் எதற்கு? நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் வரும்போது முப்பந்தலில் சுழலும் காற்றாலை இறக்கைகளைப் பார்த்திருப்பீர்களே, அதுவும் கண்ணாடித் துணியும் ரெசினும்தான்! நம் மீனவர்கள் 'ஃபைபர் படகு' என்கிறார்களே, அதுவும் அதே!

பசையைச் சாதாரணமாய் எடைபோடாதீர்கள்! இரும்பில் ஒட்டிய நல்ல எபாக்சிப் பசை, பக்கவாட்டு இழுவையில் 1 சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் தாங்கும். ஒரு தபால்தலை அளவு ஒட்டு இருந்தால் போதும், ஒரு எருமை மாட்டின் எடை!

ஆனால் அதே ஒட்டின் ஓரத்தில் உளியை நுழைத்து நெம்புங்கள். உரிந்து வந்துவிடும்! பசைக்கு இழுத்தால் பலம், உரித்தால் பலவீனம். அதனால்தான் ஒட்டின் ஓரங்களைச் சரிவாய் மெலியவிடுகிறார்கள்!

உங்கள் வீட்டு டிராயரில் கிடக்கும் 'அரால்டைட்' எபாக்சிதான்! சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1946-இல்!

சிட்னி ஓபரா மாளிகையின் சிப்பிக் கூரையில் வார்த்துவைத்த கான்கிரீட் துண்டுகள் 2,194. அவற்றை இறுக்கிப் பிடிக்க எஃகு வடம் உண்டு. இடுக்குகளில் ஒட்டியது? எபாக்சி!

டேங்க் மட்டுமா? விமானமும் ஒட்டுப் போட்டுக்கொண்டது! 1970-களில் ஆஸ்திரேலிய பாதுகாப்பு ஆய்வகத்தில் ஆலன் பேக்கர் குழுவினர், ஹெர்குலிஸ் ராணுவ விமானத்தின் இறக்கை விரிசல்மேல் போரான் நார்ப் பட்டையைப் பசை வைத்து ஒட்டினார்கள். ஆணி இல்லை, வெல்டிங் இல்லை. விமானம் பறந்தது!

ஒட்டுப் போடும் ரகசியம்

ஒட்டுப் போடுவதைவிட ஒட்டும் இடத்தைத் தயார் செய்வதுதான் பெரிய வேலை! துருவை அழுத்தக் காற்றால் மணல் அடித்துச் சுரண்ட வேண்டும். அந்த 'சாண்ட் பிளாஸ்டிங்' வித்தைக்கு அமெரிக்காவின் பெஞ்சமின் டில்மன் காப்புரிமை வாங்கியது 1870-இல்!

வேடிக்கை என்னவென்றால், 'சாண்ட்' பிளாஸ்டிங்குக்கு சாண்ட் ஆகாது! அந்தத் தூசி நுரையீரலைக் கல்லாக்கிவிடும். வார்ப்படங்களைச் சுத்தம் செய்ய மணலைப் பயன்படுத்தக் கூடாதென்று பிரிட்டன் 1949-லேயே விதி போட்டுவிட்டது!

மணலுக்குப் பதில் வந்தது கார்னெட். யார் அது? நவரத்தினத்தில் ஒன்றான கோமேதகத்தின் சொந்தக்காரக் கல்! திருநெல்வேலி, தூத்துக்குடிக் கடற்கரை மணலில் செந்நிறமாய்க் கிடப்பதும் அதுவே. துருப்பிடித்த டேங்குக்கு ரத்தினக் கல் அபிஷேகம்!

சுத்தமான தகடு வழவழவென்று இருக்க வேண்டும் என்றுதானே நினைத்தீர்கள்? தப்பு! அம்மி கொத்தினால்தான் அரைபடும். அதுபோல் தகடு சொரசொரப்பாய் இருந்தால்தான் பசை பிடிக்கும். மேடு பள்ளத்தின் உயரம் சுமார் 75 மைக்ரான். ஒரு தலைமுடிப் பருமன்!

சுரண்டியாச்சா? இனி ஓட்டப் பந்தயம்! ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே புதுத் துரு பூத்துவிடும். காலையில் வெள்ளி மாதிரி இருந்த தகடு சாயங்காலம் மஞ்சள் பூசிக்கொண்டு நிற்கும்!

ஒட்டுவதற்குமுன் பஞ்சாங்கம் பார்க்காவிட்டாலும் பனி பார்க்க வேண்டும்! பனி படியும் வெப்பநிலையைவிடத் தகட்டின் சூடு குறைந்தது 3 டிகிரி கூடுதலாய் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஈரம் ஒன்று போதும், ஒட்டு மொத்தமும் பாழ்!

பாலியெஸ்டர் ரெசின் 1 லிட்டருக்கு, அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் எவ்வளவு? 10 முதல் 20 மில்லி! இருமல் மருந்து மூடி ஒன்றிரண்டு அளவுதான். கை தாராளமானால் பக்கெட்டே புகையும். மத்தியான வெயிலில் கலந்தால் இன்னும் மோசம். 10 டிகிரி சூடு ஏறினால் கையில் இருக்கும் நேரம் பாதி!

நெசவாளிக்குத் தெரிந்த ரகசியம் இங்கேயும் உண்டு. பாவு ஓடும் திசையில் பலம், ஊடு ஓடும் திசையில் பலம், மூலைவாக்கில் இழுத்தால் துணி நெளியும்! அதனால்தான் ஒவ்வொரு அடுக்கையும் திசை பார்த்துப் போடுகிறார்கள். கண்ணாடித் துணியிலும் பாவும் ஊடும்தான்!

இரும்பைவிட வலிமையான கார்பன் துணியை நேராக இரும்பில் ஒட்டினால் என்ன ஆகும்? துரு இன்னும் வேகமாய்ப் பிடிக்கும்! கார்பன் மின்சாரம் கடத்தும். இரும்போடு சேர்ந்தால் பேட்டரி ஆகிவிடும். அதனால் நடுவில் ஒரு கண்ணாடித் துணி. இருவருக்கும் இடையில் திண்ணைச் சுவர்!

கண்ணாடியையே தின்னும் அமிலமும் இருக்கிறது. ஹைட்ரோஃப்ளூரிக்! அந்த டேங்கின் உட்புறம் கண்ணாடி நூலைக் காட்டவே கூடாது. செயற்கை இழையில் மெல்லிய முகத்திரை போடுகிறார்கள். அந்தத் திரை அடுக்கில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் ரெசின்!

10 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்ட ஓட்டை. மேலே 10 மீட்டர் தண்ணீர். ஒட்டுப் போட்ட துணியை அது எவ்வளவு பலமாய்த் தள்ளும்? 78 கிலோ! ஒரு ஆள் அந்த ஒட்டின்மேல் இரவும் பகலும் ஏறி நிற்பதற்குச் சமம்! சில மி.மீ. துணி அந்த ஆளைச் சுமக்கிறது!

பழைய டேங்குகளுக்கு 'ஏ.பி.ஐ. 653' என்று ஒரு விதிப் புத்தகம் உண்டு. கசிவைக் கண்டுபிடிக்க வசதியில்லாத டேங்கின் அடித்தகடு, அடுத்த சோதனை வரும்போதும் 2.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்கிறது. அதே அடித்தகட்டின்மேல் நார் சேர்த்த கெட்டிப் பூச்சு இருந்தால்? 1.27 மி.மீ. போதும்! துணிக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள்!

'தற்காலிக ஒட்டு' என்று ஏளனம் செய்யாதீர்கள். காம்போசிட் ஒட்டுக்கென்றே 'ஐ.எஸ்.ஓ. 24817' என்று உலகத் தரம் உண்டு. குழாய்க்கும் டேங்குக்கும் சேர்த்து! ஒழுங்காகப் போட்ட ஒட்டுக்கு அது கொடுக்கும் ஆயுள் 20 வருஷம் வரை!

நடுக்கடலில் மிதக்கும் எண்ணெய்க் கப்பலை டேங்க் பழுது என்று கரைக்கு இழுத்து வர முடியுமா? அங்கேயே ஒட்டுகிறார்கள். எஃகுக் கட்டமைப்பில் பசை ஒட்டுப் போடுவது எப்படி என்று நார்வேயின் டி.என்.வி. நிறுவனம் தனி வழிகாட்டியே போட்டிருக்கிறது!

தட்டிப் பார்த்தால் தெரியும்

ஒட்டு காய்ந்துவிட்டதா? விலை உயர்ந்த கருவி வேண்டாம். அசிட்டோன் தொட்ட துணியால் ஒரு தேய். பிசுபிசுத்தால் வேகவில்லை! ஆமாம், சோறு பதம் பார்ப்பதுபோல் ரெசினுக்கும் பதம் உண்டு!

ஒட்டில் குண்டூசி முனை அளவு ஓட்டை இருந்தால்? ஆயிரக்கணக்கான வோல்ட் ஏற்றிய பிரஷ்ஷால் மேலே மேலே தடவுவார்கள். ஓட்டை உள்ள இடத்தில் 'பட்'டென்று நீலப் பொறி பறக்கும்! அந்த ஓட்டைக்குத் தொழிலில் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ஹாலிடே'! பெயின்ட் அடித்தவர் அந்த இடத்தில் லீவு போட்டுவிட்டாராம்!

கடைசியாக ஒரு சோதனை. ஒட்டுக்கும் இரும்புக்கும் நடுவே காற்று சிக்கியிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பானை வாங்கும்போது நம் பாட்டி என்ன செய்வார்? தட்டிப் பார்ப்பார்! அதேதான்! அங்குலம் அங்குலமாய் ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போகிறார்கள். 'டிங்' என்றால் ஒட்டியிருக்கிறது. 'டொக்' என்றால் உரித்துவிட்டு மறுபடி போடு!

கோடி ரூபாய் டேங்கைச் சோதிக்க ஒரு ரூபாய்க் காசு போதும்! அந்தக் காசு எதனால் ஆனது தெரியுமா? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் அதே இரும்புதான்... துருப்பிடிக்காத இரும்பு!